புகையை விடுகிறவர் எதையும் இழப்பதில்லை!

"என்னால் விட முடியாது!"

பீடி, சிகரெட்டு பிடிக்கிறவர்களில் பலர் சொல்லும் பதில் இது.

"20 வருஷப் பழக்கம். ரத்தத்தில் ஊறிப்போய்விட்டது. இனிமேல் அது கட்டையோடுதான் போகும்" என்பார்கள்.

இது உண்மையா?

உண்மை இல்லை! அதற்குச் சாட்சி வேறு யாரும் அல்ல. அப்படிச் சொல்கிறவரேதான் சாட்சி!

ஒரு மணி நேரம்

பட்டாபிராம் ரெயில் நிலையத்துக்குக் காலை வேளையில் போய்ப் பாருங்கள். சென்னைக்கு வேலைக்குப் போகிறவர்கள் சாரி சாரியாக வருவார்கள். சிலர் டீக்கடை ஓரத்தில் நின்று கடைசி இழுப்பை அவசரமாக இழுத்துவிட்டு, துண்டைக் காலால் நசுக்கிவிட்டு ஓடுவார்கள்.

ரெயில் புறப்படுகிறது. இந்து கல்லூரி, ஆவடி, அம்பத்தூர், வில்லிவாக்கம், பெரம்பூர் என்று வண்டி நின்று நின்று போகிறது. சென்டிரல் போய்ச்சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிறது.

ஓடும் ரெயிலில் புகை பிடிப்பது குற்றம். 1989-ம் ஆண்டின் ரெயில்வே சட்டம் அதற்கு அபராதம் விதிக்கிறது.

ஆகவே அந்த ஒரு மணி நேரமும் அவர் புகை பிடிப்பது இல்லை. பேப்பர் படிக்கிறார். பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிறார். இடம் கிடைத்தால் கண்ணை மூடித் தூங்குகிறார்.

உயிர் போய்விட்டதா? இல்லை. கை நடுங்கியதா? அதுவும் இல்லை.

ஆனால் சென்டிரல் நெருங்கியதும் கை தானாகச் சட்டைப் பையைத் தேடுகிறது!

பெரம்பூரில் இல்லாத ஆசை சென்டிரலில் எங்கிருந்து வந்தது? "இங்கே பிடிக்க முடியாது" என்று மனம் முடிவு செய்தபோது, ஆசை பெட்டிப் பாம்பாக அடங்கிக் கிடந்தது. "இனி பிடிக்கலாம்" என்று மனம் சொன்னதும் படம் எடுத்து ஆடுகிறது!

ஒரு மண்டலம்

"ஒரு மணி நேரம் இருப்பது பெரிய காரியமா?" என்று நீங்கள் கேட்கலாம்.

சரி. ஒரு மண்டலம் இருந்து காட்டியவர்களைப் பார்ப்போம்.

கார்த்திகை மாதம் பிறக்கிறது. ஐயப்ப பக்தர்கள் மாலை போட்டுக்கொள்கிறார்கள். 41 நாள், 48 நாள் விரதம். மது கூடாது, மாமிசம் கூடாது, புகை கூடாது.

முதல் நாள் இரவு வரை பீடி பிடித்தவர், மறுநாள் காலையில் குளித்து மாலை போட்டுக்கொண்டதும் பீடிக் கட்டைத் தூக்கி எறிந்துவிடுகிறார். குளிரில் எழுந்து குளிக்கிறார். வெறுங்காலுடன் நடக்கிறார். முகம் வாடுவது இல்லை. அவர் முகத்தில் ஒரு பெருமைகூடத் தெரிகிறது!

முஸ்லிம் சகோதரர்கள் ரம்ஜான் மாதம் முழுவதும் விடியலுக்கு முன்பு இருந்து சூரியன் மறையும் வரை நோன்பு இருக்கிறார்கள். தண்ணீரே தொடாதவருக்குப் புகை ஏது? கிறிஸ்தவர்களில் பலர் தவக்காலத்தில் தாங்கள் விரும்பும் ஒன்றை விட்டுவிடுவது உண்டு.

மூன்று மதத்திலும் நடப்பது ஒன்றே. நேற்று வரை "முடியாது" என்றவர் இன்று முடித்துக் காட்டுகிறார்.

உடம்பு மாறிவிட்டதா? அதே உடம்புதான். அதே வேலை, அதே தெரு, அதே டீக்கடை. மாறியது மனம் மட்டும்தான்!

அவர் "ஐயோ, பீடி போய்விட்டதே" என்று அழவில்லை. "நான் விரதம் இருக்கிறேன்" என்று நிமிர்ந்து நிற்கிறார். இழந்ததை அவர் எண்ணவில்லை. பெறப்போவதை எண்ணுகிறார்.

ஊரும் அவருக்கு உதவி செய்கிறது. எல்லாரும் அவரை "சாமி" என்று கூப்பிடுகிறார்கள். மாலை போட்டவரிடம் "ஒரு இழுப்பு இழு" என்று நீட்ட எவனுக்கும் துணிச்சல் வராது!

பிறகு ஏன் திரும்புகிறார்?

மலைக்குப் போய்த் திரும்பி மாலையைக் கழற்றியதும், சிலர் மறுபடியும் பீடியை எடுத்துவிடுகிறார்கள்.

இது வருந்தத்தக்கது. ஏன் என்றால், வெற்றிக் கம்பத்தைத் தாண்டிய பிறகு திரும்பி ஓடுவது போன்றது இது!

புகையிலையில் "நிக்கோட்டின்" என்ற பொருள் இருக்கிறது. அடிமைப்படுத்துவது அதுதான். புகையை விட்டால், முதல் மூன்று நாட்கள் உடம்பு மிகவும் தவிக்கும். பிறகு தவிப்பு படிப்படியாகக் குறையும். பெரும்பாலோருக்கு 2 வாரத்தில் இருந்து 4 வாரத்துக்குள் அடங்கிவிடும்.

48 நாள் விரதம் முடித்தவர் இந்த ஆற்றைக் கடந்துவிட்டவர். அவர் உடம்பு புகையைக் கேட்கவில்லை. "விரதம் முடிந்தது, இனி பிடிக்கலாம்" என்று மனம்தான் கேட்கிறது.

சென்டிரல் ரெயில் நிலையத்தில் நடந்ததும் இதுதான்!

சொறியச் சொறியச் சுகம்

"பிடித்தால் மனசு லேசாகிறதே, கவலை தீருகிறதே!" என்கிறார்கள்.

இதில் உள்ள சூட்சுமத்தைக் கேளுங்கள்.

புகையை இழுத்தால், ஏறக்குறைய 10 வினாடிக்குள் நிக்கோட்டின் மூளைக்குப் போய்விடும். அங்கே இன்பம் தரும் ரசாயனத்தைச் சுரக்கச் செய்யும். ஆனால் அது நிலைப்பது இல்லை. நேரம் போகப்போக ரத்தத்தில் நிக்கோட்டின் குறைகிறது. சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகிவிடுகிறது. உடனே எரிச்சல், பதற்றம், வேலையில் கவனம் இல்லாமை எல்லாம் வரும்.

அடுத்த பீடியைப் பற்றவைத்ததும் அந்த எரிச்சல் தணிகிறது. "ஆகா, பீடி என் கவலையைப் போக்கிவிட்டது!" என்று நினைக்கிறார்.

எரிச்சலை உண்டாக்கியது யார்? முந்தைய பீடி!

சிரங்கைச் சொறியச் சொறியச் சுகமாகத்தான் இருக்கும். அதற்காகச் சிரங்கு நமக்கு நண்பன் ஆகிவிடுமா?

பழக்கத்தை விட்டவர்களின் மனநிலையைப் பற்றி நடந்த 26 ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து, 2014-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. விட்டவர்களுக்குக் கவலையும், பதற்றமும், மனச்சோர்வும் குறைந்திருந்தன என்று அது கூறியது. மன நிம்மதிக்காகப் புகை பிடிக்கிறேன் என்பவர், தன் நிம்மதியைத் தானே புகைத்துக்கொண்டு இருக்கிறார்!

நல்ல நினைப்பு எது?

இங்கே ஒரு எச்சரிக்கை.

"எங்கள் தாத்தா 90 வயது வரை சுருட்டு பிடித்தார். எனக்கு ஒன்றும் வராது" என்று சிலர் தைரியம் பேசுவார்கள். இது நல்ல நினைப்பு அல்ல. கண்ணை மூடிக்கொண்டு ரோட்டைக் கடப்பது! புகையிலையால் உலகில் ஆண்டுதோறும் 70 லட்சம் பேருக்கு மேல் சாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பீடி சிறியது, அதனால் கெடுதல் குறைவு என்பதும் தவறு. பீடியும் புற்றுநோயைத் தரும்; இருதயத்தையும் நுரையீரலையும் கெடுக்கும்.

நல்ல நினைப்பு என்பது ஆபத்தை அறிந்து, "அதில் இருந்து நான் வெளியே வர முடியும்" என்று நம்புவது.

அதற்கு, மனதுக்குள் சொல்லிக்கொள்ளும் சொல்லை முதலில் மாற்ற வேண்டும்.

"நான் பீடி பிடிக்கக்கூடாது" என்று சொல்லாதீர்கள். "நான் பீடி பிடிக்காதவன்" என்று சொல்லுங்கள்.

"ஆயுசு முழுவதும் எப்படி இருப்பேன்?" என்று மலைக்காதீர்கள். "இன்று ஒரு நாள் இருப்பேன்" என்று சொல்லுங்கள்.

"இது என் 10-வது முயற்சி, நான் உதவாக்கரை" என்று நோகாதீர்கள். "9 முறை பாடம் படித்தவன் நான்" என்று சொல்லுங்கள்.

உடம்பு காத்திருக்கிறது!

விடுகிறவருக்கு உடம்பு கொடுக்கும் பரிசுகளைப் பாருங்கள்.

கடைசிப் புகைக்குப் பிறகு 20 நிமிடத்தில் இருதயத் துடிப்பு குறைகிறது.

12 மணி நேரத்தில், ரத்தத்தில் கலந்திருந்த கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுக்காற்று இயல்பான அளவுக்கு இறங்குகிறது.

2 வாரத்தில் இருந்து 3 மாதத்துக்குள் ரத்த ஓட்டமும் நுரையீரலும் தேறுகின்றன. ரெயிலைப் பிடிக்க மேம்பாலப் படி ஏறும்போது முன்போல மூச்சு வாங்காது!

ஒரு ஆண்டில், புகையால் வரும் இருதய நோய் ஆபத்து பாதியாகிவிடுகிறது. 10 ஆண்டில், நுரையீரல் புற்றுநோயால் சாகும் ஆபத்தும் பாதியாகிறது.

"எனக்கு 60 வயது ஆகிவிட்டது. இனி விட்டு என்ன ஆகப்போகிறது?" என்று கேட்பவருக்கும் பதில் இருக்கிறது.

இங்கிலாந்தில் ரிச்சர்டு டால் என்று ஒரு டாக்டர் இருந்தார். அவரும் புகை பிடித்தவர்தான்! நுரையீரல் புற்றுநோய் ஏன் பெருகுகிறது என்று ஆராய்ந்தார். சிகரெட்டுதான் காரணம் என்று தன் ஆராய்ச்சியே காட்டியதும், தானும் அதை விட்டுவிட்டார். 1950-ல் அந்த முடிவை உலகுக்குச் சொன்னார்.

அதோடு நிற்கவில்லை. 1951 முதல், 34 ஆயிரத்துக்கும் அதிகமான ஆண் டாக்டர்களின் பழக்கத்தையும் ஆயுளையும் அவரும் அவருடன் இருந்தவர்களும் 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 2004-ல் அதன் முடிவு வந்தது.

30 வயதில் விட்டவருக்கு ஏறக்குறைய 10 ஆண்டு ஆயுள் கூடுகிறது. 40 வயதில் விட்டவருக்கு 9 ஆண்டு. 50 வயதில் விட்டவருக்கு 6 ஆண்டு. 60 வயதில் விட்டவருக்கும் 3 ஆண்டு!

மூன்று ஆண்டு என்றால் சும்மாவா? பேத்தியின் கல்யாணத்தைப் பார்க்கலாம். பேரனைப் பள்ளிக்கூடத்துக்குக் கை பிடித்து அழைத்துப் போகலாம்.

டாக்டர் டால் 2005-ல் காலமானார். அப்போது அவருக்கு வயது 92!

எப்படித் தொடங்குவது?

ஒரு நாளைக் குறியுங்கள். பிறந்த நாள், பிள்ளையின் பிறந்த நாள், தமிழ் மாதம் முதல் தேதி, எதுவானாலும் சரி. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தள்ளிப் போடாதீர்கள்.

அந்த நாளுக்கு முதல் நாள் இரவே பீடி, சிகரெட்டு, தீப்பெட்டி, சாம்பல் தட்டு எல்லாவற்றையும் வீட்டை விட்டு வெளியேற்றுங்கள். "அவசரத்துக்கு ஒன்று இருக்கட்டும்" என்று ஒளித்து வைக்காதீர்கள். திருடனுக்குக் கொல்லைக் கதவைத் திறந்து வைப்பது போன்றது அது!

வீட்டிலும் நண்பர்களிடமும் சொல்லிவிடுங்கள். மாலை போட்டவரை ஊர் காப்பது போல, அவர்கள் உங்களைக் காப்பார்கள்.

ஆசை எழும்போது பயப்பட வேண்டாம். அது கடல் அலை போன்றது. எழும்பும், உச்சிக்குப் போகும், சில நிமிடங்களில் தானே இறங்கிவிடும். அந்தச் சில நிமிடங்களுக்கு நான்கு காரியங்கள் செய்யுங்கள்.

ஒன்று: "5 நிமிடம் கழித்துப் பார்க்கலாம்" என்று தள்ளிப் போடுங்கள்.

இரண்டு: மூச்சை மெதுவாக இழுத்து மெதுவாக விடுங்கள்.

மூன்று: ஒரு டம்ளர் தண்ணீரை மடக்கு மடக்காகக் குடியுங்கள்.

நான்கு: இடத்தை விட்டு எழுந்து, கைக்கு வேறு வேலை கொடுங்கள்.

டீயும் பீடியும் ஜோடி என்றால், கொஞ்ச நாளைக்கு டீக்கடைக்குப் பதிலாக வீட்டிலேயே டீ குடியுங்கள். சாப்பிட்டதும் சிகரெட்டு தேடும் வழக்கம் இருந்தால், சாப்பிட்டதும் தெருவில் ஒரு நடை நடங்கள். வாய் கேட்டால் கிராம்பு, ஏலக்காய், சீரகம் போடுங்கள். வெற்றிலையில் புகையிலை, மாவா, குட்கா பக்கம் போகாதீர்கள். அது பேயை விரட்டிப் பிசாசை அழைப்பது!

முதல் சில நாட்கள் தலைவலி வரலாம். தூக்கம் கெடலாம். பசி அதிகமாகலாம். மலச்சிக்கல் வரலாம். சிலருக்கு இருமல்கூட கூடும். "விட்டதால் வியாதி வந்துவிட்டது" என்று மிரள வேண்டாம். உடம்பு பழைய நிலைக்குத் திரும்புவதன் அறிகுறிகள் அவை.

வழுக்கினால்?

ஒரு கல்யாண வீட்டில், ஒரு துக்க வீட்டில் யாரோ நீட்ட, ஒன்றைப் பிடித்துவிட்டீர்கள். என்ன செய்வது?

"எல்லாம் போச்சு" என்று ஒரு கட்டு வாங்கிவிடுகிறவர்கள்தான் அதிகம். சைக்கிள் பழகும் பையன் ஒரு தடவை விழுந்ததும் சைக்கிளை விற்றுவிடுகிறானா? முழங்காலைத் தட்டிவிட்டு மறுபடி ஏறுகிறான். நீங்களும் அப்படியே அடுத்த நிமிடமே ஏறுங்கள். எந்த இடத்தில், யாருடன் இருக்கும்போது வழுக்கியது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மனம் மட்டும் போதுமா?

எல்லாருக்கும் போதாது. இதை மறைக்கக்கூடாது.

எந்த உதவியும் இல்லாமல் தனியாக விட முயல்கிறவர்களில், 100-க்கு 3 முதல் 5 பேர் வரைதான் 6 மாதம், ஒரு ஆண்டு என்று நிலைத்து நிற்கிறார்கள் என்று ஆராய்ச்சிகள் கூறுகின்றன. மற்றவர்கள் கோழைகள் அல்ல. நிக்கோட்டினின் பிடி அவ்வளவு வலுவானது. அவர்களுக்குத் துணை வேண்டும்.

ஆலோசனையும் மருந்தும் சேர்ந்தால் வெற்றி பெறுகிறவர்கள் அதிகமாகிறார்கள். நிக்கோட்டினைச் சிறு அளவில் கொடுத்துத் தவிப்பைத் தணிக்கும் சூயிங்கம், ஒட்டும் பட்டை ஆகியவை உண்டு. வேறு மாத்திரைகளும் உண்டு. டாக்டரைக் கேட்டுப் பயன்படுத்த வேண்டும். இருதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் கேட்காமல் தொடவே கூடாது.

1800-11-2356 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்யலாம். காசு இல்லை. மத்திய அரசாங்கம் 2016-ல் தொடங்கிய சேவை இது. தென்னாட்டு மொழிகளில் பேசுவதற்காக, பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2018-ல் ஒரு பிரிவு ஏற்பட்டது. சிகரெட்டுப் பெட்டியின் மேலேயே இந்த எண்ணை அச்சிட வேண்டும் என்பது விதி. நோயைத் தரும் பெட்டியிலேயே மருந்தின் விலாசமும் இருக்கிறது!

உதவி கேட்பது பலவீனம் என்று நினைக்க வேண்டாம். சபரிமலைக்கும் குருசாமியின் துணையோடுதானே போகிறார்கள்?

வீட்டார் என்ன செய்யலாம்?

நடிகர் ரஜினிகாந்த் 2023 ஜனவரியில் சென்னையில் ஒரு நாடக விழாவில் பேசினார். பஸ் கண்டக்டராக இருந்த காலத்தில் தினமும் குடித்ததையும், கணக்கு இல்லாமல் சிகரெட்டு பிடித்ததையும் ஒளிக்காமல் சொன்னார். தன்னை மாற்றியது மனைவி லதாவின் அன்புதான் என்றும் சொன்னார்.

திரையில் சிகரெட்டைத் தூக்கிப்போட்டுப் பிடித்து, ஒரு தலைமுறை இளைஞர்களைக் கைதட்ட வைத்தவர் அவர். அவரை மாற்றியது அதட்டல் அல்ல, அன்பு!

தாய்மார்களே! "நீங்களாவது, விடுவதாவது!" என்று கேலி செய்யாதீர்கள். "இன்றைக்கு எத்தனையாவது நாள்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியே ஒரு மாலை!

முதல் வாரத்தில் அவர் சள்ளென்று விழுந்தால் கொஞ்சம் பொறுத்துப் போங்கள். கோபப்படுவது அவர் அல்ல, வெளியேறுகிற நிக்கோட்டின்.

அவர் மிச்சம் பிடிக்கும் காசை ஒரு உண்டியலில் போடச் சொல்லுங்கள். நாளைக்கு 100 ரூபாய் புகைத்தவர் என்றால், ஆண்டுக்கு 36 ஆயிரத்து 500 ரூபாய் சேரும். பிள்ளைகளின் படிப்புச் செலவில் ஒரு பங்கு அதுவே!

காசைவிடப் பெரிய லாபமும் உண்டு. அடுத்தவர் விடும் புகையைச் சுவாசிக்கும் குழந்தைகளுக்கு மூச்சிரைப்பும், மார்புச்சளியும், காது நோயும் வருகின்றன. அப்பா விட்ட அன்றே குழந்தைக்குச் சுத்தமான காற்று கிடைத்துவிடுகிறது.

பையன்கள் அப்பாவைப் பார்த்துத்தான் வளர்கிறார்கள். ஆவடித் தொழிற்சாலைக்குப் போகிற அப்பாவானாலும், 2024-ல் பட்டாபிராமில் திறந்த டைடல் பூங்காவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற அப்பாவானாலும் சரி. அவர் பீடியை எடுத்தால் பையன் அதையும் பார்ப்பான். அவர் எடுத்து எறிந்தால் அதையும் பார்ப்பான்.

நாளைக் காலை ரெயில் ஏறும்போது, பையில் தீப்பெட்டி இல்லாமல் ஏறிப் பாருங்கள். அந்த ஒரு மணி நேரம் எப்படியும் உங்களுடையது. சென்டிரலில் இறங்கியதும் இன்னும் ஒரு மணி நேரத்தை அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் என்பது 24 மணி நேரம்தானே!